மேப்பிள் நிழலில் சுகந்தி நட்ட பூ

அறுபத்து மூன்று வயதில், பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஏறி நின்று பக்கத்து வீட்டு வளவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பிடிபட்டேன்.

சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசி. ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் பனி முழுதாகக் கரைந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. மண் இன்னும் ஈரக் கோணிச் சாக்குபோல் மணத்தது. வேலிப் பலகைகளின் இடுக்கில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்ததைக் குசினி யன்னலால் கண்டுவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பலகைக்கு அந்தப் பக்கம், மேப்பிள் சருகுகளை முட்டிக்கொண்டு, பாய் விரித்ததுபோல வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றும் ஒரு காசளவு. ஆறு ஏழு இதழ். காம்பு நூல்போல. காற்று வந்ததும் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையாட்டின.

பலகையைப் பிடித்துக்கொண்டு இன்னும் எட்டிப் பார்த்தேன்.

"மிஸிஸ் நேசன், என்ன தேடுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல். பக்கத்து வீட்டு மிஸிஸ் தொம்சன் பின்கதவடியில் தேநீர்க் கோப்பையோடு நின்றார். ஜமைக்காவிலிருந்து வந்து நாற்பது வருடம் நேர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. எங்களோடு சண்டையும் இல்லை, பெரிய பழக்கமும் இல்லை.

"அந்தப் பூ..." என்றேன்.

"அதுவா? உங்கள் தங்கை தந்தது" என்றார் அவர். "அவளைத் தெரியும்தானே உங்களுக்கு?"

கேலியாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பேஸ்மென்ட்டில் ஒருத்தி

சுகந்தி எனக்குப் பதினொரு வயது இளையவள். நடுவில் பிறந்த இரண்டு பேரும் தங்கவில்லை. அதனால் அவள் எனக்குத் தங்கையும் மகளுமாக இருந்தாள்.

அவள் கனடா வந்து சேர்ந்தபோது முப்பது தாண்டியிருந்தது. கொழும்பு, பாங்கொக் என்று இரண்டு வருடம் சுற்றி, ஒரு தோள்பையோடு விமான நிலையத்தில் நின்றாள். என்னைக் கண்டதும் அழவில்லை. "அக்கா, உங்கட கோட்டுக்குப் பொத்தான் ஒண்டு இல்லை" என்றாள். வீட்டுக்கு வந்து முதல் செய்த வேலை அதைத் தைத்ததுதான்.

அப்போது என் பிள்ளைகள் இருவரும் சிறியவர்கள். நான் ஆஸ்பத்திரிக் குசினியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் வேலை. இவர், என் கணவர், கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில். நான் வர இவர் போவார், இவர் வர நான் போவேன். நடுவில் பிள்ளைகளை வளர்த்தது சுகந்தி. கீழே பேஸ்மென்ட்டில் அவளுக்கு ஓர் அறை. அறையின் யன்னல் நிலமட்டத்தில் இருந்தது. பின்வளவுப் புல்லின் அடிதான் அவளுக்குத் தெரிந்த காட்சி.

அவளுக்குக் கல்யாணம் பேசவில்லையா என்று வாசகர்கள் கேட்பீர்கள். பேசினோம். ஒன்று சரிவரவில்லை, மற்றது அவளுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவதை நாங்கள் தேடவில்லை. இப்போது எழுதும்போது அந்தக் கடைசி வசனம் என்னை உறுத்துகிறது. ஏன் தேடவில்லை? அவள் போய்விட்டால் பிள்ளைகளை ஆர் பார்ப்பது என்ற நினைப்பு என் மனத்தில் இருந்திருக்கிறது. அதை ஒருநாளும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குள்ளேகூட.

பிள்ளைகள் தாங்களாகவே பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, நகரத்துக்கு வடக்கே ஒரு பூங்கன்று நேர்சரியில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். மண் படிந்த நகத்தோடு வீடு வருவாள். அந்த வருடங்களில்தான் அவள் பாடிக்கொண்டு சமைத்ததைக் கேட்டிருக்கிறேன்.

வேர்க்கொம்பு போல

எங்கள் பின்வளவில் ஒரு பெரிய மேப்பிள் நிற்கிறது. வீடு வாங்கியபோது அதன் நிழலைப் பார்த்துத்தான் மயங்கினோம். பிறகு விளங்கியது, அந்த நிழலில் ஒன்றும் முளைக்காது. இவர் ஒருமுறை பாகல் போட்டார். கொடி வெளிறி, நூலாகி, சூரியனைத் தேடி வேலியால் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. கத்தரி நட்டார். இலை வந்தது, காய் வரவில்லை. மரத்தின் வேர் மேலாகவே ஓடி, ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் குடித்தது. வெட்டலாம் என்றால் அந்தப் பருமன் மரத்துக்கு நகரசபையிடம் அனுமதி எடுக்கவேண்டும். கடைசியில் அந்த மூலையைக் கைவிட்டோம்.

ஒரு இலையுதிர் காலத்தில் சுகந்தி ஒரு கடதாசிப் பையைக் கொண்டுவந்து குசினி மேசையில் கொட்டினாள். மண்ணிறத்தில், சுண்டுவிரல் அளவில், காய்ந்த குச்சிகள்.

"வேர்க்கொம்போ?" என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் சுக்கை அப்படித்தான் சொல்வோம்.

"வாயிலை வைச்சிடாதேங்கோ, நஞ்சு" என்று சிரித்தாள். "இது அனிமனி. காட்டுக்குள்ளை மரங்களுக்குக் கீழை வளருற சாதி. விக்காமல் மிஞ்சினது, எறியப் போச்சினம். நான் கேட்டு வாங்கினனான்."

"இது செத்துப்போச்சு, சுகந்தி."

"சாகேல்லை. நித்திரை."

ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டாள். அடுத்த நாள் பார்த்தால் குச்சிகள் கொஞ்சம் தடித்து, சில இடத்தில் வெள்ளைப் பொட்டுப்போல முளைக்கண் தெரிந்தது. மேப்பிளுக்குக் கீழே, வேலியோரமாக, வேர்கள் இல்லாத சின்னச் சின்ன இடைவெளிகளாகப் பார்த்து விரலால் தோண்டினாள். குச்சியை நிமிர்த்தி வைக்காமல், படுக்க வைத்தாள். இரண்டு விரற்கட்டை ஆழம். எது மேல் எது கீழ் என்று தெரியாவிட்டால் படுக்க வைத்துவிடவேண்டும், வழியை அதுவே கண்டுபிடிக்கும் என்றாள். பழைய சருகுகளை நொறுக்கி மேலே போட்டாள்.

"வெயில் இல்லாமல் எப்பிடிப் பூக்கும்?" என்று இவர் கேட்டார்.

"அத்தான், ஏப்ரலிலை இந்த மரத்திலை இலை இருக்கோ? இல்லை. அப்ப நிலத்திலை நல்ல வெயில். மரம் இலை விட முதல் இதுகள் தங்கட வேலையை முடிச்சுப்போட்டுப் படுத்திடும்."

இவர் தலையை ஆட்டினார். நம்பினார் என்று சொல்லமுடியாது.

முதல் வசந்தத்தில் மூன்று இடத்தில் இலை மட்டும் வந்தது. மல்லி இலைபோல வெட்டுப்பட்ட இலை. பூ இல்லை. நான் அவளைப் பரிகாசம் பண்ணினேன். அடுத்த வருடம் ஏழு பூ. அவள் வேலைக்குப் போகும்முன் குந்தியிருந்து எண்ணினாள். வெயில் ஏறினால் விரியும், முகில் மூடினால் குவிந்துவிடும், பின்னேரம் இதழின் வெளிப்பக்கம் மெல்லிய ரோசாவாகத் தெரியும். நாலாம் வருடம் அந்த மூலை முழுக்க வெள்ளை.

பின்வளவில் சருகு கூட்ட எங்களுக்குத் தடை போட்டாள். ஜூன் நடுவில் இலையெல்லாம் மஞ்சளாகிப் படுத்து, மறைந்துபோகும். பிறகு பார்த்தால் வெறும் மண். அங்கே ஏதாவது இருக்கிறது என்று ஆரும் சொல்லமாட்டார்கள். அதனால் சுற்றிவர ஐஸ்பழக் குச்சிகளைக் குத்திவைத்தாள். "ஆரும் மிதிக்கக்கூடாது" என்று பிள்ளைகளுக்குக் கட்டளை.

அந்த மூன்று கிழமைப் பூக்காலத்தில் காலைத் தேநீரைப் பின்படியில் குந்தியிருந்து நாங்கள் இருவரும் குடிப்போம். பெரிதாக ஒன்றும் கதைக்கமாட்டோம். இப்போது என் வாழ்க்கையில் எந்த மணித்தியாலம் திரும்பக் கிடைக்கவேண்டும் என்று கேட்டால், ஊரையோ பிள்ளைப் பருவத்தையோ கேட்கமாட்டேன். அந்தப் படியில் ஒரு மணித்தியாலம் கேட்பேன்.

நான் கேட்ட கேள்வி

நேர்சரியில் கன்றுகளை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்கும் ட்ரக்கை ஓட்டியவர் குணம். யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணம் செய்யாதவர். சுகந்திக்கு நாற்பத்தைந்து நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சனிக்கிழமை, "அக்கா, ஒராள் உங்களைப் பாக்க வாறார்" என்றாள். அதைச் சொல்ல அவள் மூன்று நாள் எடுத்திருப்பாள் என்று முகத்தில் தெரிந்தது.

அவர் வந்தார். சேர்ட்டை மடிப்புக் குலையாமல் மினுக்கிப் போட்டிருந்தார். வெயிலில் கறுத்த முழங்கை. நான் தேநீர் கொடுத்தேன். பிறகு, எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த அந்த வழியால் போனேன். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கோயிலுக்குக் கிழக்கோ மேற்கோ என்று கேட்டேன்.

அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அக்கா, நீங்கள் கேக்க வாறதை நேராக் கேளுங்கோ."

நான் கேட்டேன். "நீங்கள் என்ன ஆக்கள்?"

கடல் தாண்டி, இருபது வருடத்துக்கு மேல் பனியில் இருந்து, பலதேசத்து மனிதரோடு ஒரே குசினியில் நின்று வேலைசெய்த ஒருத்தி கேட்ட கேள்வி இது. அவர் தயங்காமல் தன் சாதியைச் சொன்னார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சுகந்தியைப் பார்த்து, "நான் வாறன்" என்று எழும்பினார். தேநீர் பாதி அப்படியே இருந்தது.

அவர் கதவைச் சாத்திய பிறகு நான் சொன்னவற்றை இங்கே எழுதப்போவதில்லை. எழுதாமல் விடுவது என்னைக் காப்பாற்ற அல்ல. அந்தச் சொற்களை இன்னொருமுறை அச்சில் கொண்டுவர விருப்பமில்லை. "சனத்துக்கு என்ன சொல்லுறது" என்பதுதான் அவற்றில் ஆகக் குறைந்தது.

இவர் மட்டும் சொன்னார்: "விடும். அவளுக்கு ஒரு துணை வேணும். காலம் மாறிப்போச்சு."

"உங்கட தங்கச்சியெண்டால் இப்பிடிச் சொல்லுவியளோ?" என்று அவர் வாயையும் அடைத்தேன்.

சுகந்தியின் மௌனத்தை, அவரை மறந்துவிடச் சம்மதம் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் நகரசபை மண்டபத்தில் பதிவுத் திருமணம். நான் போகவில்லை. இவரையும் போகவிடவில்லை. என் மகள் எங்களிடம் சொல்லாமல் போயிருக்கிறாள். வந்து ஃபோனில் ஒரு படம் காட்டினாள். "சித்தி வாஸ் ஸோ ஹாப்பி அம்மா. நீங்க ஏன் அம்மா இப்பிடி?" என்றாள். நான் படத்தைப் பார்க்காமல் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தக் குளிர்காலம் தொடங்கமுன் அவர்கள் சட்பரிக்குப் போய்விட்டார்கள். குணத்துக்கு அங்கே வேலை கிடைத்ததாம். காரில் போனால் ஐந்து மணித்தியாலம். நான் அதை ஒரு கடலாக ஆக்கிக்கொண்டேன்.

ஒன்றுமில்லை

அடுத்த ஜூலையில் இவர் பின்வளவுக்கு இன்டர்லொக் கல் போடலாம் என்றார். பனி தள்ளும் இயந்திரத்துக்கு ஒரு சின்னக் கொட்டகையும் வைக்கலாம். எனக்கும் சரியென்று பட்டது.

வேலைக்கு வந்தவர்களில் பெரியவர் மேப்பிள் மூலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இங்கே காப்பாற்ற வேண்டியது ஏதாவது இருக்கிறதா? செடி, கிழங்கு, ஏதாவது?"

நிலம் வெறுமையாகத்தான் இருந்தது. ஐஸ்பழக் குச்சிகள் மட்டும், இரண்டு மூன்று சாய்ந்து, வெளிறி நின்றன.

எனக்குத் தெரியும். கீழே என்ன படுத்திருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். முந்தின ஏப்ரலில்கூட அவை அவள் இல்லாமலே பூத்தன. நான் குசினி யன்னல் திரையை இழுத்து மூடியே அந்த மூன்று கிழமையையும் கடத்தினேன்.

"ஒன்றுமில்லை" என்றேன்.

ஒரு அடி ஆழத்துக்கு மண்ணைக் கிண்டி, பெரிய இரும்புத் தொட்டியில் போட்டு, ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த மண் எந்தப் பள்ளத்தை நிரப்பியதோ தெரியாது. சரளை போட்டு, மணல் போட்டு, சாம்பல் நிறக் கற்களை அடுக்கினார்கள். பின்னேரம் இவர் நாற்காலி போட்டு இருந்து, "வடிவாய் வந்திருக்கு" என்றார். நான் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். தலையிடி என்று சொன்னேன்.

கோபம் எவ்வளவு நாள் நிற்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அது அடுத்த ஏப்ரல்வரைதான் நின்றது. பனி கரைந்த ஒரு காலை தேநீரோடு பின்கதவைத் திறந்து, படியில் கால் வைத்து, கல்லைப் பார்த்தேன். அன்று தொடங்கியது வேறொன்று. அதற்குக் கோபத்தைப்போலச் சத்தம் இல்லை. காலையில் எழும்பும்போது கூடவே எழும்பும், சாப்பிடும்போது பக்கத்தில் இருக்கும். ஃபோனை எடுப்பேன். அவளுடைய பழைய இலக்கம் மாறிவிட்டிருந்தது. மகளிடம் புதியதைக் கேட்டால் தருவாள். கேட்க வாய் வரவில்லை. அப்படியே ஐந்து ஏப்ரல் போனது.

வேலிக்கு மேலால்

பால் பெட்டிக்கு வருகிறேன்.

மிஸிஸ் தொம்சன் என்னைத் தன் பக்கம் வரச் சொன்னார். முன்வாசலால் சுற்றிப் போனேன். அத்தனை வருடத்தில் அவருடைய வளவுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"உங்கள் தங்கை வேலிக்கு மேலால் ஒரு பிடி தந்தாள். படுக்க வைத்து நடு, சருகைக் கூட்டாதே என்றாள்" என்றார். "நான் ஒன்றும் செய்யவில்லை. அதனால்தான் இவ்வளவு நன்றாக வந்திருக்கிறது." கொட்டகை மறைத்ததால் முன்பு எனக்குத் தெரியாமல் இருந்திருக்கவேண்டும். அந்த வருடம்தான் பூப்பாய் வேலியோரம்வரை வந்து சேர்ந்திருந்தது.

நான் குந்தி ஒரு பூவைத் தொட்டேன். அவர் பின்னால் நின்று சொன்னார்:

"ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் எனக்கு ஃபோன் எடுப்பாள். பூத்துவிட்டதா என்று முதல் கேட்பாள். பிறகு உங்களைப் பற்றிக் கேட்பாள். நடக்கிறாரா, முழங்கால் எப்படி, வெளியே காண்கிறீர்களா என்று. அக்கா வீட்டுப் பக்கம் பூத்திருக்கா என்றும் கேட்பாள். என் பக்கம் பூத்திருக்கிறது என்று மட்டும் சொல்லுவேன்."

"கல் போட்டதைச் சொல்லவில்லையா?"

"அது நான் சொல்லவேண்டிய விஷயம் இல்லை" என்றார். நேர்ஸாக இருந்தவர்களுக்கு ஒரு குரல் உண்டு. ஊசி போடும்போது வருகிற குரல். "ஆனால் மிஸிஸ் நேசன், எனக்கு எழுபத்தெட்டு. நான் எத்தனை வசந்தம் பதில் சொல்லப்போகிறேன்?"

ஃபோன் இலக்கத்தை ஒரு மருந்துக் கடை ரசீதுத் துண்டின் பின்பக்கம் எழுதித் தந்தார்.

பூ முடிந்து, இலை பச்சையாக இருக்கும்போதே கிளப்பினால் தாங்கும் என்று சுகந்தி சொன்னது நினைவிருந்தது. மே நடுவில் மிஸிஸ் தொம்சனின் அனுமதியோடு ஒரு கைப்பிடி கிளப்பினேன். மண்ணுக்குள் அந்தக் குச்சிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பின்னி ஓடியிருந்தன. இவர் அலவாங்குக் கம்பியால் வேலியோரத்து இரண்டு வரிசைக் கல்லை நெம்பி எடுத்தார். சரளையை அள்ளி, காட்டு மண்போலக் கறுப்பாக உக்கிய சருகைப் போட்டு நட்டோம்.

கையிலிருந்த மண்ணைத் தட்டியபடி இவர் சொன்னார்: "அடுத்த வருஷம் பூத்திடும். இனி அவளுக்குத் தெரியவராது. வந்து பாத்தாலும் இஞ்சைதானே நிக்குது."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் "தெரியவராது" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு உறைத்தது. என் தங்கையிடம் இன்னும் ஒரு பொய்யை நட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறேன்.

ஆருக்கும் சுகமில்லையோ

அந்த ஞாயிறு சுகந்திக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஹலோ?"

"சுகந்தி. நான் அக்கா."

"ஆருக்கும் ஏதும் சுகமில்லையோ? அத்தான் எப்பிடி?"

ஆறு வருடத்துக்குப் பிறகு நான் கூப்பிட்டால் அது மரணச் செய்தியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது.

"எல்லாரும் சுகம். நான் உன்னட்டை ஒண்டு சொல்லவேணும். உன்ர அனிமனி இல்லை. நான் கிண்டி எறிய விட்டனான். தெரியாமல் இல்லை. தெரிஞ்சுதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கல்லை, இரும்புத் தொட்டியை, "ஒன்றுமில்லை" என்று சொன்னதை. முடித்துவிட்டு, "என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். எனக்கு அழுகை வந்தது. அழுததும் கொஞ்சம் இலேசானதுபோலவும் இருந்தது. அந்த இலேசை அவள் கண்டுபிடித்துவிட்டாள்போல.

"அக்கா" என்றாள். குரலில் கோபமே இல்லை. "பூ கிடக்கட்டும். கிழங்கு கடையிலை விக்குது. நான் பேந்தும் நடலாம். நீங்கள் அந்தக் கேள்வியை என்னட்டைக் கேக்கேல்லை. அவரிட்டைக் கேட்டனீங்கள். உங்கட வீட்டு நாற்காலியிலை இருத்திவைச்சுக் கேட்டனீங்கள். மன்னிப்பை என்னட்டை ஏன் கேக்கிறியள்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்:

"அவர் நிக்கிறாரோ? ஒருக்கா குடு."

அவள் ஃபோனைப் பொத்திக்கொண்டு கதைப்பது கேட்டது. நெடுநேரம். திரும்பி வந்து, "இப்ப கதைக்க ஏலாதாம்" என்றாள். "நான் வைக்கிறன் அக்கா. உங்கட முழங்காலுக்கு எண்ணெய் போடுறனீங்களோ?"

அடுத்த ஞாயிறும் எடுத்தேன். அதற்கு அடுத்த ஞாயிறும். அவள் கதைத்தாள். வேலை, மழை வெயில், என் மகளின் படிப்பு எல்லாம் கதைத்தாள். அவர் வரவில்லை. ஓகஸ்ட் முடிய எனக்கு விளங்கியது. ஃபோனில் கேட்கிற மன்னிப்பு எனக்கு வசதியானது. அவர் என் வீட்டுக்கு நேரில் வந்தவர்.

சட்பரி

அக்டோபரில் போனோம். இவர் கார் ஓட்டினார். மிஸிஸ் தொம்சன் தன் பூப்பாயில் இன்னொரு பிடி கிளப்பி, ஈரச் சருகில் சுற்றி, வெறும் கோதுமைமாப் பெட்டியில் வைத்துத் தந்திருந்தார். அதை மடியில் வைத்திருந்தேன். வழிநெடுகப் பாறையும் ஏரியும். இலைகள் எல்லாம் கொட்டி முடிந்திருந்தன.

வருகிறோம் என்று சுகந்திக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் கதவைத் திறந்தது குணம். தலை முழுக்க நரைத்திருந்தது.

உள்ளே போய், இருந்து, தேநீர் வந்த பிறகு சொல்லலாம் என்று காரில் யோசித்து வந்தேன். அவர் முகத்தைக் கண்டதும் அது சரியில்லை என்று பட்டது. படியிலேயே நின்றேன்.

"நான் உங்களிட்டைக் கேட்ட கேள்வி பிழை" என்றேன். "கேட்ட விதம் மட்டும் பிழையில்லை. கேள்வியே பிழை. பிறகு சொன்னதுகள் இன்னும் பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான். நீங்கள் உள்ளுக்குக் கூப்பிடாட்டிலும் நான் குறை நினைக்கமாட்டன்."

தூரத்தில் சரக்கு ரயில் ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது.

"மறந்திட்டன் எண்டு நான் சொல்லமாட்டன், மச்சாள்" என்றார். "மறக்கேல்லை. மறக்கவும் ஏலாது." கதவை அகலமாகத் திறந்தார். "வாங்கோ. சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, நிலம் குளிர்."

சுகந்தி குசினியில் நின்றாள். நான் நினைத்துவைத்திருந்த சுகந்தி இல்லை. மெலிந்திருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை. நாங்கள் கட்டிப்பிடிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை. என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் திறந்து, மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்தாள்.

சாப்பிட்ட பிறகு பின்வளவுக்குப் போனோம். அங்கே மூன்று பேர்ச் மரங்கள். வெள்ளைப் பட்டை. அவற்றுக்குக் கீழே அவள் விரலால் தோண்ட, நான் குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். குனிந்தபோது சால்வை வழுகி விழுந்தது. தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, தையல் கோடு.

"இதென்ன?"

"தைரொயிட். வெட்டி எடுத்தவை."

"எப்ப?"

"மூண்டு வருஷமாகுது. பிள்ளைகளுக்கும் சொல்லேல்லை." சால்வையை எடுத்துச் சுற்றினாள். "கான்சர்தான், கொஞ்சம் கூடாத வகை. இப்ப பரவாயில்லை அக்கா."

மூன்று வருடத்துக்கு முன் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். ஒரு மாதமும் நினைவுக்கு வரவில்லை. கோயிலுக்குப் போயிருப்பேன். கல்யாண வீடுகளுக்குப் பட்டுடுத்திப் போயிருப்பேன்.

"ஆர் உன்னைப் பாத்தது?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள், கேட்கவேண்டிய கேள்வியா இது என்பதுபோல.

"அவர்தான். வேறை ஆர்? நாலு மாதம் வேலைக்குப் போகேல்லை. எனக்குக் குரல் வரேல்லை. ஒரு மணி வாங்கித் தந்து, வேணுமெண்டால் அடி எண்டவர். அடிக்க முதலே வந்து நிப்பார்."

நான் கடைசிக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவள் கையை நீட்டிக் காத்திருந்தாள். கொடுக்க எனக்கு நேரம் எடுத்தது.

இது நடந்து ஐந்து மாதமாகிறது. ரொறன்ரோவில் பனி கரையத் தொடங்கிவிட்டது. சட்பரியில் இன்னும் முழங்கால் அளவு கிடக்கிறதாம். ஞாயிறுகளில் சுகந்தியோடு கதைக்கிறேன். சில நாள் அவள் களைப்பாக இருப்பாள், சுருக்கமாக முடித்துவிடுவாள். அப்படியான நாட்களில் ஃபோனை வைத்த பிறகு எனக்கு ஒன்றும் ஓடாது. போன ஆறு வருடமும் எங்கும் போகவில்லை. அவளுடைய ஒவ்வொரு இருமலுக்குள்ளும் இருந்து கேட்கிறது.

நேற்று வியாழக்கிழமை. நாங்கள் கதைக்கிற நாள் இல்லை. ஃபோன் அடித்தது. இலக்கத்தைக் கண்டு பயந்து எடுத்தேன்.

"மச்சாள், குணம் கதைக்கிறன்."

"என்ன, சுகந்திக்கு..."

"அவ சுகம். வேலைக்குப் போயிட்டா." தொண்டையைச் செருமினார். "அந்த பேர்ச்சுக்குக் கீழை சருகு நல்லாய் மூடிக் கிடக்கும், பனி போனால். கிளறி எடுத்துவிடவோ, இல்லாட்டில் அப்பிடியே விடவோ எண்டு கேப்பம் எண்டு."

இருபது வருடமாகச் செடியோடு வேலைசெய்கிற மனிதர். பதில் அவருக்குத் தெரியாதா என்ன.

"எடுக்க வேண்டாம் தம்பி" என்றேன். "கட்டியாய் ஒட்டிக் கிடந்தால் மட்டும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கோ. மிச்சத்தை அதுகள் முட்டிக்கொண்டு வரும்."

"சரி" என்றார். சற்று நின்று, "மே தொடக்கத்திலைதான் இஞ்சை பூக்கும். உங்கை மாதிரி ஏப்ரல் இல்லை. அதுக்கேத்த மாதிரி லீவு கீவு பாத்து வாங்கோ" என்றார்.

நான் வேலையை விட்டு மூன்று வருடம் என்று அவருக்குத் தெரியும். இருந்தும், "ஓம், பாக்கிறன்" என்றேன்.

அவர் வைத்துவிட்டார். நான் இன்னும் கொஞ்ச நேரம் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தேன்.